நகரியில் தற்கற்றல்: உத்திகளும் கருவிகளும் – ஒரு மதிப்பீடு

சித்தூர் மாவட்டத்து நகரி, சென்னையையும் திருப்பதியையும் இணைக்கும் சாலையில் அமைந்த விசைத்தறி ஊர். 1953இல் ஆந்திர மாநிலம் அமைந்தபோது சித்தூர் மாவட்டம் அதனுடன் சேர்ந்தது. 1960 ஏப்ரல் முதல் நாள் எல்லைச் சீரமைப்பு நடைமுறைக்கு வந்தபோது திருத்தணி சென்னை மாநிலத்திற்கு வந்தது. நகரி ஆந்திரத்திலேயே நின்றது. அந்த எல்லைக்கோடு மொழிக்கல்வியில் ஒரு தனிவகைக் கற்போரை உருவாக்கியுள்ளது. வீட்டில் தமிழும் தெருவில் இரு மொழியும் பேசி, பள்ளியில் தெலுங்கு எழுத்து மட்டுமே பயின்றவர், தம் பாட்டனார் எழுதிய தமிழ்க் கடிதத்தைப் பிறரைக் கொண்டு படிப்பித்துக் கேட்க வேண்டியவராகிறார். படிக்கக் கேட்டால் அவருக்குப் பெரும்பாலும் விளங்கிவிடும். எனவே அவர் தமிழ் அறியாதவர் அல்லர். தமிழ் எழுத்து அறியாதவர். இவ்விரு நிலைகளையும் ஒன்றெனக் கொள்வதே இன்றைய தற்கற்றல் கருவிகளின் அடிப்படைக் குறை எனலாம்.

கற்போர் தம் கற்றலுக்குத் தாமே பொறுப்பேற்றல் என்னும் கருத்தை ஐரோப்பிய மன்றத்திற்கு எழுதிய அறிக்கையின் வழி ஹோலெக் நிலைநாட்டினார். அவ்வறிக்கை 1981இல் நூலாக வந்தது. அதற்கு முன்பே, 1975இல், திறன்மிக்க கற்போர் கையாளும் உத்திகளை ரூபின் ஆராய்ந்தார். 1990இல் ரெபெக்கா ஆக்ஸ்ஃபோர்டு அவ்வுத்திகளை நினைவு, அறிதல், ஈடுசெய்தல், அறிதலை மேற்பார்த்தல், உணர்வு, சமூகம் என ஆறாகப் பகுத்தார். இப்பகுப்பு பயனுள்ளதே. ஆயினும் இலக்கு மொழி கற்போருக்குப் புதியது என்பது இதன் பின்னால் நிற்கும் பொது எடுகோள்.

நகரியில் இவ்வெடுகோள் பொருந்துவதில்லை. ஈடுசெய்யும் உத்திகளுள் தலையாயது, தெரியாத சொல்லின் பொருளை ஊகித்தல். தொலைவிலுள்ள மொழியைக் கற்போருக்கு இது துணை. உறவுமொழியைப் படிப்போருக்கு இதுவே இடறு கல். தெலுங்கில் 'அவசரம்' தேவையைக் குறிக்கும். தமிழில் விரைவைக் குறிக்கும். தெலுங்கில் 'அனுமானம்' ஐயம், தமிழில் ஊகம். பேச்சில் சூழல் திருத்திவிடும் இத்தவறு, எழுத்தில் திருத்துவாரின்றித் தங்கிவிடுகிறது. மொழிபெயர்ப்பாளர் இதனை நன்கு அறிவர். ஊகத்தை ஊக்குவிப்பதைவிட, எங்கு ஊகிக்கலாகாது என்பதைக் காட்டும் சிறு சொற்பட்டியலே இங்குச் சிறந்த உத்திப் பயிற்சியாகும்.

கருவிகளை நோக்கினால் இக்குறை மேலும் புலப்படுகிறது. ஆர்டன் 1873இல் தெலுங்கிற்கும் 1891இல் தமிழுக்கும் படிமுறை இலக்கணம் எழுதினார். இரண்டும் ஆங்கிலேயருக்கானவை, தெலுங்கறிந்தவர் தமிழுக்கு வரும் வழி அவற்றின் நோக்கத்தில் இல்லை. மைசூரிலுள்ள இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் 1979இல் வெளியிட்ட இராசாராமின் தமிழ்த் தீவிரப் பாடநூல், உரையாடலும் பயிற்சியுமாக நன்கு அமைந்தது. அதுவும் ஆங்கிலத்தை ஊடகமாகக் கொண்டதே. 'நாம்', 'நாங்கள்' என்னும் வேறுபாட்டை ஆங்கிலவழிக் கற்போருக்கு விரித்துரைக்க வேண்டும். தெலுங்கிலும் அவ்வேறுபாடு உண்டாதலால் நகரியாருக்கு அது வேண்டாத பாடம். அவருக்கு வேண்டியது வேறு. தெலுங்கில் பெண்பால் ஒருமை எழுவாய் அஃறிணை ஒருமைக்குரிய வினைமுற்றையே ஏற்கும். 'வந்தாள்', 'வந்தது' என்னும் பிரிவு அங்கில்லை. தெலுங்கில் மட்டும் எழுதிப் பழகிய கை, தமிழ் எழுதும்போது இங்குத்தான் தடுமாறும்.

2021இல் நடுவண் அரசு வெளியிட்ட பாஷா சங்கம் செயலி, 22 மொழிகளில் அன்றாட வாக்கியங்களைக் கற்பிக்கிறது. வடபுலத்தார் ஒருவர்க்கு அது நல்ல தொடக்கம். பெயர் கேட்கவும் வழி கேட்கவும் குழந்தைப் பருவத்திலேயே அறிந்தவர்க்கு அந்த வாக்கியங்கள் என்ன தரும்? கருவி புதிது; உள்ளிருக்கும் கற்போன் பழைய பாடநூலின் கற்போனே.

உண்மையில் நகரியாருக்கு உதவவல்ல தொழில்நுட்பம் கற்பித்தலுக்கென உருவாக்கப்படாத ஒன்று. 1991இல் தர நிர்ணயம் பெற்ற இஸ்கி குறிமுறை, இந்திய எழுத்துகளை ஒரே நிரலில் வைத்தது. அந்நிரலைத் தழுவிய யூனிகோடில் தமிழ்க் ககரத்திற்கும் தெலுங்குக் ககரத்திற்கும் இடையே சரியாக 128 இடங்கள். ஆகவே தமிழ்ப் பனுவலைத் தெலுங்கு எழுத்தில் காட்டுவது கணினிக்கு ஏறத்தாழக் கூட்டல் கணக்கே. இதனை எந்திரத்தனமானது என மொழியியலார் ஒதுக்குவதுண்டு, காரணமும் உண்டு. 'தங்கம்' என்பதன் ககரம் தெலுங்கில் வல்லொலியாகவே வந்து நிற்கும். தமிழ் அறியாதவர் அதனைப் பிழையாக ஒலிப்பார். நகரியாரோ சொல்லை அறிந்தவர். மெல்லினத்தை அடுத்த வல்லினம் அவர் நாவில் தானே மெலியும். 'பாவம்' போன்ற சொல்லில் மட்டும் இடவிதி உதவாது. பழியா, மெய்ப்பாடா என்பதை வாக்கியமே காட்ட வேண்டும். தமிழரும் அவ்வாறே படிக்கின்றனர். தொடக்க நிலையாளருக்குக் குறையாகும் கருவி இவருக்கு ஏணியாகிறது.

இரண்டு இடங்களில் அந்த ஏணியின் படி உடைந்துள்ளது. னகரத்திற்கு நேரான இடம் தெலுங்குத் தொகுதியில் வெறுமையாக உள்ளது. ழகரத்திற்கு நேரான பழந்தெலுங்கு எழுத்து 2014இல்தான் யூனிகோடில் இடம்பெற்றது; இன்றைய தெலுங்குப் பள்ளிக் கல்வியில் அது வழங்குவதில்லை. ந–ன, ழ–ள வேறுபாடுகளைக் கண்ணால்தான் கற்க வேண்டும். மெய்க்கு முன்னே நிற்கும் எகர, ஏகார, ஐகாரக் குறிகளும் தெலுங்கெழுத்தாருக்குப் புதியவை. ஆயினும் ஒலியியல் விசைப்பலகையில் மெய்யை முதலிலும் உயிரைப் பின்னும் தட்டும்போது குறி தானே முன்னே சென்று அமர்கிறது. இது சிறு செய்தியே. படிப்பதற்கு முன் தட்டெழுதக் கற்பது இத்தகையோருக்கு எளிதாகலாம் என்பதற்கு இது ஒரு காரணம்.

எழுத்தைக் கடந்தபின் இரட்டை வழக்கு எதிர்ப்படும். 'வந்துட்டாங்க' என்பவர் 'வந்துவிட்டார்கள்' என்பதைக் காண்கிறார். இதனைப் புதிய இலக்கணமாகக் கற்பிப்பது காலவிரயம். ஒரே செய்தியைப் பேச்சு வடிவிலும் எழுத்து வடிவிலும் அடுத்தடுத்துத் தந்து, வேண்டும்போது தெலுங்கு எழுத்திற்கு மாற்றிக்கொள்ளும் வசதியுடன், கைப்பேசியின் படிப்பொலியையும் கேட்கச் செய்தால், ஒப்புமையை அவரே கண்டுகொள்வார். அத்தகைய பாடத்திற்கு எல்லை ஊர்களின் பேச்சுத் தமிழ் முதலில் முறையாகத் தொகுக்கப்பட வேண்டும். சென்னைப் பேச்சை மாதிரியாக வைத்தால் நகரியார் தம் வழக்கையே பிழையெனக் கருதத் தொடங்குவர். உணர்வுசார் உத்திகள் என ஆக்ஸ்ஃபோர்டு வகுத்தவை அங்கேயே பயனற்றுப்போகும்.