ரோடான் வரைந்த கைகள்

மன்னர் சிசோவாத்துடன் பிரான்சுக்கு வந்த கம்போடிய அரசவை நடனக் குழுவை 1906 ஜூலையில் பாரிஸில் பார்த்தார் சிற்பி ரோடான். 65 வயதில் அவர்களைப் பின்தொடர்ந்து மார்செய் நகரம்வரை போய், சில நாள்களிலேயே ஏறத்தாழ 150 ஓவியங்களை வரைந்து குவித்தார்.

அவற்றின் பெருமை கைகளில் இருக்கிறது. கம்போடிய நடனத்துக்கு விரல்களே உயிர். சிறுவயது முதல் பின்னோக்கி வளைத்துப் பழக்கிய விரல்கள் இலையாகும், மலராகும், கனியாகும். ஒப்பீட்டுக்கு ஓவியர் ஜெரோம் 1863இல் தீட்டிய எகிப்திய ஆடற்பெண்ணைப் பாருங்கள்: திறந்த வயிறும் அதை வெறிக்கும் ஆயுதம் தாங்கிய ஆண்களும்தான் ஓவியமே. ரோடானின் கண் அங்கே போகவில்லை. மணிக்கட்டின் மடிப்பையும் முழங்கையின் வளைவையும் பின்தொடர்ந்தது. போட்ட கோட்டை அழிக்காமல் அதன்மேலேயே இன்னொன்று போட்டார். அதனால் தாளில் கை அசைகிறது. ஆட்டத்தை உழைப்பாகவும் கலையாகவும் மதித்த பார்வை இது.

ஆனால் முகங்கள் எங்கே? பெரும்பாலும் இரண்டு மூன்று கீறல்களோடு நின்றுவிடுகின்றன. கிரீடமும் சரிகை உடையும் மறைந்து, கிரேக்கச் சிலைகளின் துகில் போன்ற வண்ணப்பூச்சு வந்துவிடுகிறது. கம்போடியா அன்று பிரான்சின் ஆதிக்கத்தில் இருந்தது. மார்செயில் அவர்கள் ஆடியது காலனியக் கண்காட்சியில். இவற்றின் சுவடே ஓவியங்களில் இல்லை.

விரைவாக வரைந்தவற்றில் முகம் எதிர்பார்க்கலாமா என்று கேட்கலாம். நியாயம்தான். அதே ஆண்டு, அதே மார்செயில் அறிமுகமான ஜப்பானிய நடிகை ஹனகோவை அவர் பிறகு 50க்கும் மேற்பட்ட சிற்பங்களில் வடித்தார். ஹனகோ ஐரோப்பாவிலேயே இருந்ததால் அவகாசம் கிடைத்தது. அங்கும் ரோடானை ஈர்த்தது மேடையில் அவர் நடித்த மரண வேதனை. ஐரோப்பியப் பார்வையாளர்கள் விரும்பிக் கேட்டதும் அதையே. இருந்தும் ஹனகோவுக்குப் பெயர் இருக்கிறது. கடலூரை அடுத்த திருவந்திபுரத்திலிருந்து 1838இல் பாரிஸ் போன தேவதாசி அம்மணிக்கும் இருக்கிறது. சிற்பி பார் வடித்த சிறு வெண்கலச் சிலை அவர் பெயராலேயே அறியப்படுகிறது. கம்போடியப் பெண்களோ பெரும்பாலும் 'கம்போடிய நடனமாது' என்ற தலைப்புக்குள் கரைந்துபோனார்கள்.

ஒரு கலைஞன் வியந்ததற்குச் சான்றாக இந்த ஓவியங்கள் அரியவை. ஆடியவர்களை அறிய இவை மட்டும் போதா. அவர்களை அதே 1906இல் எடுத்த புகைப்படங்கள் உள்ளன. இந்த ஓவியங்களைக் காட்சிக்கு வைப்போர் அவற்றையும் பக்கத்திலேயே வைக்க வேண்டும்.