போர் நினைவுநூல்களில் கூற்றும் களனும்: 1962ஆம் ஆண்டுப் போர் குறித்த இரு நூல்கள்

முன்னுரை

போர் வரலாற்றைப் பயில்வோர் தளபதியரின் நினைவுநூல்களை முதன்மைச் சான்றுகளாகக் கொள்வர். ஆயின், அவை சான்றுகளாக அமையும் அளவிற்கு வழக்குரைகளாகவும் அமைகின்றன. 1962ஆம் ஆண்டு இந்திய-சீனப் போர் குறித்து லெப்டினன்ட் ஜெனரல் பி.எம். கௌல் எழுதிய 'தி அன்டோல்ட் ஸ்டோரி' (1967), பிரிகேடியர் ஜான் தால்வி எழுதிய 'ஹிமாலயன் பிளண்டர்' (1969) ஆகிய ஆங்கில நூல்கள் இதற்குத் தக்க சான்றுகளாகும். தொல்காப்பியச் செய்யுளியல் சுட்டும் உறுப்புகளுள் கூற்று, கேட்போர், களன், எச்சம் என்னும் நான்கனையும் கருவியாகக் கொண்டு இக்கட்டுரை அவற்றை அணுகுகிறது.

கூற்றும் கேட்போரும்

கௌல், 1962 அக்டோபர் தொடக்கத்தில் புதிதாக அமைக்கப்பெற்ற 4ஆம் கோர் படையின் தலைமையை ஏற்றவர். தோல்விக்குப்பின் இராணுவத்தினின்று விலகியவர். தம்மீது சுமத்தப்பட்ட பழிக்கு விடையிறுப்பதே அவர் கூற்று. நாட்டு மக்களை நடுவராக இருத்தி அவர் பேசுகிறார். தால்வி, நாம்கா சூ ஆற்றங்கரையில் நின்ற 7ஆம் காலாட்படைப் பிரிகேடின் தளபதி. அக்டோபர் 20 அன்று சீனத் தாக்குதலில் அப்படை சிதைந்தது. 22 அன்று சிறைப்பட்ட அவர், 1963 மே மாதத்தில் விடுதலை பெற்றார். மாண்டோர் சார்பில் ஆட்சியாளரை நோக்கி எழுப்பப்படும் முறையீடே அவர் கூற்று.

களன்

இருவரும் ஒரே களத்தில் நின்ற நாள் 1962 அக்டோபர் 10. அன்று செங்சோங்கில் இருந்த சிறிய இந்தியக் காவற்படையைச் சீனர் பெரும்படையுடன் தாக்கினர். அன்றே கௌல் தில்லிக்குப் புறப்பட்டார். நிலைமையை அரசுக்கு நேரில் உணர்த்தச் சென்றதாகக் கௌல் அதனைக் காட்டுகிறார்; கீழுள்ளோர் முன்பே எச்சரித்ததைக் கண்ணால் கண்டபின் தலைவர் களம் நீங்கியதாகத் தால்வி காட்டுகிறார். நிகழ்ச்சி ஒன்றே, பொருள் இரண்டாகிறது.

எனவே கண்டது, கேட்டது, பின்னர் அறிந்தது என நூற்செய்திகளைப் பகுத்துக் கொள்ளுதல் இன்றியமையாதது. குளிர்தாங்கும் உடையின்மை, வெடிபொருட் பற்றாக்குறை ஆகியன பற்றித் தால்வி கூறுவன கண்டவை. தில்லியில் எடுக்கப்பெற்ற முடிவுகள் பற்றி அவர் கூறுவன கேட்டவையும் பின்னர் அறிந்தவையுமே. துன்புற்றவர் என்னும் பரிவினால் இவற்றை ஒரே எடையில் கொள்வது ஆய்வுநெறி ஆகாது. கௌலின் நூலுக்கும் இந்நெறி பொருந்தும்: தில்லிக் கூட்டங்களுக்கு அவர் நேர்ச்சான்று, தாம் நீங்கிய பின்னைய நாம்கா சூவிற்கு அல்லர். பழிக்கப்பட்டவர் என்பதற்காக அவர் சான்றினை முற்றாகத் தள்ளுதலும் பிழையே.

எச்சம்

இந்நூல்கள் விட்டுச் செல்லும் இடைவெளிகள் இரண்டு. ஒன்று, ஆவணச் சான்று. தோல்வியை ஆராய்ந்த ஹெண்டர்சன் புரூக்ஸ்-பகத் அறிக்கையை இந்திய அரசு முழுமையாக வெளியிடவில்லை. அதன் பெரும்பகுதியை நெவில் மேக்ஸ்வெல் 2014இல் இணையத்தில் வெளியிட்டார். மற்றொன்று, படைவீரரின் குரல். நாம்கா சூவில் பேரிழப்புக்கு உள்ளான 2ஆம் ராஜ்புத் படையினர் இவ்விரு நூல்களிலும் பேசப்படுகின்றனரே அன்றித் தாமே பேசவில்லை. தால்வியின் பரிவுகூட அவர்களுக்காகப் பேசும் அதிகாரியின் கூற்றே.

முடிவுரை

தோல்வியை ஒருவர் தலையில் ஏற்றிவிட்டால், தகுதியற்ற ஆணை மேலிருந்து கீழ்வரை மறுப்பின்றி இறங்கிய முறைமை மறைந்துவிடும். போர்க்காலத் தலைமையை மதிப்பிடப் புகுவோர், 'யார் குற்றவாளி' என்று வினவுவதற்குமுன் 'யார், எங்கு நின்று, யாருக்குக் கூறுகிறார்' என்று வினவுதல் வேண்டும். அவ்வினாவே இருவருக்கும் நேர்மை செய்வது. குரலற்று மாண்டோர்க்கும் கடன் தீர்ப்பது.