மதிப்பெண் குறைந்தவர்கள் குடாலைப் படிப்பது எப்படி?

சென்ற ஆண்டு என்னிடம் ஒரு மாணவன் வந்தான். விலங்கியலில் பி.எஸ்ஸி. முடித்தவன், மொத்தம் 56 விழுக்காடு. ஜி.ஆர்.இ. தேர்விலும் நடுத்தரமான எண்களே. குரங்கினங்களைப் பற்றிய விஞ்ஞானத்தில், அதாவது பிரைமேட்டாலஜியில், வெளிநாடு சென்று முதுகலை படிக்க வேண்டும் என்பது அவன் ஆசை. விண்ணப்பத்துடன் அனுப்ப வேண்டிய நோக்கக் கடிதத்தைத் திருத்தித் தரும்படி கேட்டான். முதல் வாக்கியத்திலேயே ஜேன் குடால் இருந்தார். பட்டமே இல்லாத பெண்ணுக்குக் கேம்பிரிட்ஜின் கதவு திறந்தது; ஆகவே என் மதிப்பெண்ணைப் பொருட்படுத்தாதீர்கள் என்பதே கடிதத்தின் சாரம்.

இந்த வாதத்தை வேறு மாணவர்களின் கடிதங்களிலும் கண்டிருக்கிறேன். எல்லாவற்றுக்கும் மூலம் ஒரே நூல்: குடால் 1971இல் வெளியிட்ட ‘இன் தி ஷேடோ ஆஃப் மேன்’. ‘மனிதனின் நிழலில்’ என்று தமிழில் சொல்லலாம். மாணவர்கள் சொல்வது உண்மையில் அந்நூலில் இருக்கிறதா என்று பார்க்க அதை மறுபடியும் எடுத்துப் படித்தேன். இருக்கிறது, ஆனால் அவர்கள் படிக்கும் விதத்தில் இல்லை.

கதை பலருக்கும் தெரிந்ததுதான். 1934இல் லண்டனில் பிறந்த குடால், பள்ளிப் படிப்புக்குப் பின் செயலாளர் பயிற்சி பெற்றவர். உணவு விடுதியில் பரிமாறிக் கப்பல் கட்டணம் சேர்த்து, 1957இல் கென்யா சென்றார். அங்கு நைரோபி அருங்காட்சியகத்தில் புதைபடிவ அறிஞர் லூயிஸ் லீக்கியிடம் வேலைக்குச் சேர்ந்தார். 1960 ஜூலையில் டாங்கனிக்கா ஏரிக்கரையிலுள்ள கோம்பே காட்டுக்குச் சிம்பன்சிகளைக் காண அனுப்பப்பட்டார். இளம்பெண் தனியே செல்லக் கூடாது என்று அதிகாரிகள் கூறியதால் தாயார் வான் உடன் சென்றார்.

கொள்கைகளால் குழம்பாத புதிய மனம் வேண்டும் என்பதற்காகவே பட்டம் பெறாத ஒருவரை லீக்கி தேர்ந்ததாக நூல் கூறுகிறது. மாணவர்கள் பிடித்துக் கொள்ளும் வரி இதுதான். ஆனால் லீக்கி அவரை வெறுங்கையுடன் அனுப்பிவிடவில்லை. லண்டனில் ஆஸ்மன் ஹில், ஜான் நேப்பியர் ஆகிய இரு வல்லுநர்களிடம் முன்னரே படிக்க ஏற்பாடு செய்திருந்தார். கோம்பேக்குப் போகும் வழியில், விக்டோரியா ஏரியிலுள்ள லோலுயி தீவில் வெர்வெட் குரங்குகளைக் கவனித்துக் குறிப்பெடுக்கும் பழக்கமும் குடாலுக்கு வாய்த்தது. படிக்காதவர் என்பது கட்டுக்கதை. பட்டம் வாங்காதவர் என்பதே சரி.

நூலின் சிறந்த பகுதி எது என்று கேட்டால் எல்லோரும் டேவிட் கிரேபியர்டு என்னும் சிம்பன்சி புல் தண்டைப் புற்றுக்குள் விட்டுக் கறையான் எடுத்துத் தின்ற காட்சியைச் சொல்வார்கள். கருவி செய்பவன் மனிதன் ஒருவனே என்ற எண்ணம் அன்று ஆட்டம் கண்டது உண்மை. ஆனால் நான் மாணவர்களுக்குச் சிபாரிசு செய்வது அதற்கு முந்திய பக்கங்களை. அவற்றில் பெரிதாக எதுவும் நடப்பதில்லை. சிம்பன்சிகள் இவரைக் கண்டதும் எட்டத்திலேயே ஓடி மறைகின்றன. அப்பகுதியில் மலேரியா கிடையாது என்று ஊர் மருத்துவர் சொன்னதை நம்பி மருந்தில்லாமல் வந்த தாயும் மகளும் காய்ச்சலில் விழுகிறார்கள். பணமோ சில மாதங்களுக்கே போதும். ஒரு குன்றின் உச்சியில் அமர்ந்து தொலைநோக்கியில் பார்ப்பதும், இரவில் குறிப்புகளை விரித்து எழுதுவதுமே வேலை. சிம்பன்சி இறைச்சி தின்பதையும் கறையான் எடுப்பதையும் கண்டது அதன்பின், அந்த ஆண்டு இறுதியில்தான்.

கேம்பிரிட்ஜ் அவரை ஏற்றுக் கொண்டது 1962இல். இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். பட்டமில்லாத ஒரு பெண்ணுக்கு இடம் கிடைக்கவில்லை. உலகில் வேறு யாரிடமும் இல்லாத குறிப்பேடுகளை வைத்திருந்த பெண்ணுக்குத்தான் கிடைத்தது. அப்போதும் அவர் நேரே முனைவர் பட்டத்துக்கு அனுமதிக்கப்பட்டது மிக அரிய விதிவிலக்கே.

இங்கே நூலின் மீது எனக்கு ஒரு குறை உண்டு. கேம்பிரிட்ஜில் கற்றது என்ன என்பதை அது மிகச் சுருக்கமாகக் கடந்து செல்கிறது. வாசகன் மனத்தில், காட்டிலேயே எல்லாம் முடிந்துவிட்டது, பட்டம் வெறும் சடங்கு என்ற எண்ணம் தங்கிவிடுகிறது. குடால் 1990இல் எழுதிய ‘த்ரூ எ விண்டோ’ என்ற நூல் இதைத் திருத்துகிறது. பிஃபி என்ற குட்டி பொறாமைப்பட்டது என்று அவர் எழுதியபோது, அதை உன்னால் நிரூபிக்க முடியாதே என்றாராம் வழிகாட்டியான ராபர்ட் ஹைண்ட். மனிதக் குழந்தை இவ்வாறு நடந்தால் நாம் பொறாமை என்போம் என்று எழுதும்படி அவரே வழியும் காட்டினார். கண்டது எது, ஊகித்தது எது என்று பிரித்துச் சொல்லும் இந்தப் பயிற்சிக்குத்தான் ஒருவர் முதுகலை படிக்கப் போகிறார். முதல் நூலில் இதற்கு ஓர் அத்தியாயமாவது ஒதுக்கியிருக்கலாம்.

இரண்டாவது குறை பணத்தைப் பற்றியது. அமெரிக்காவின் வில்கி அறக்கட்டளை முதல் சில மாதங்களுக்கான செலவை ஏற்றதையும், பின்னர் நேஷனல் ஜியாக்ரபிக் சங்கம் உதவியதையும் குடால் நன்றியுடன் சொல்கிறார். ஆனால் லீக்கியின் ஒரு கடிதம் இல்லாவிட்டால் என்னவாகியிருக்கும் என்று அவர் கேட்டுக் கொள்வதில்லை. ரஷீதி, அடால்ஃப் என்று காட்டில் வழிகாட்டிய ஆப்பிரிக்கர்களின் பெயர்கள் நூலில் வருகின்றன. அந்தக் காட்டை அவரைவிட நன்கு அறிந்தவர்கள். அவர்களில் ஒருவருக்காகக் கேம்பிரிட்ஜுக்கு யாராவது கடிதம் எழுதியிருப்பார்களா? மதிப்பெண் என்ற வாயில் இல்லாத இடத்தில் அறிமுகம் என்ற வாயில் இருந்தது. இன்று அது பணப்பை. கள அனுபவம் வேண்டும் என்கிறார்கள். களப் பணி உதவியாளர் வேலைகளிலோ சம்பளமில்லாதவை பல, விமானக் கட்டணமும் நம்முடையதே என்பவையும் உண்டு. அண்மை ஆண்டுகளில் அமெரிக்கத் துறைகள் பல ஜி.ஆர்.இ.யைக் கைவிட்டது நல்லதுதான். அதனால் ஏழை மாணவனின் பாதை தானாகவே அகலமாகிவிட்டது என்று எண்ண வேண்டியதில்லை.

மதிப்பெண்ணில் உண்மையாகவே சறுக்கியவர் டயன் ஃபாசி. கலிபோர்னியாவில் கால்நடை மருத்துவத்துக்கான முன்படிப்பில் சேர்ந்து, வேதியியலிலும் பௌதிகத்திலும் தோற்று விலகியவர். பிறகு தொழில்வழிச் சிகிச்சை படித்து 1954இல் பட்டம் பெற்று, ஊனமுற்ற குழந்தைகளின் மருத்துவமனையில் பணியாற்றினார். 1963இல் கடன் வாங்கி ஆப்பிரிக்கா சென்றார். 1967இல் ருவாண்டாவில் கரிசோக்கே ஆராய்ச்சி முகாமை நிறுவினார். கேம்பிரிட்ஜ் படிப்பு அதற்குப் பிறகு. அவர் 1983இல் வெளியிட்ட ‘கொரில்லாஸ் இன் தி மிஸ்ட்’ நூலில் ஒரு வேடிக்கை உண்டு. காட்டுக்குப் போகுமுன் குடல்வாலை அகற்றிவிட வேண்டும் என்று லீக்கி சொல்ல, இவர் அறுவை செய்து கொண்டார். பிறகு லீக்கியிடமிருந்து கடிதம் வந்தது: அதெல்லாம் தேவையில்லை, மன உறுதியைச் சோதிக்கவே சொன்னேன் என்று! இப்படியொரு நுழைவுத் தேர்வுக்கு ஜி.ஆர்.இ. எவ்வளவோ மேல்.

மீண்டும் குடாலின் நூலுக்கு வருவோம். குறைந்த மதிப்பெண்ணைப் பற்றி எப்படி எழுதுவது என்பதற்கு அதில் ஒரு முன்மாதிரி இருக்கிறது, யாரும் கவனிப்பதில்லை. சிம்பன்சிகளை முகாமுக்கு அருகில் வரவழைக்க அவர் வாழைப்பழம் வைத்தார். கூட்டம் பெருகியது, சண்டைகள் மிகுந்தன, விலங்குகளின் நடத்தையே மாறியது. இது பின்னாளில் கடும் கண்டனத்துக்கு உள்ளானது. ஆனால் 1971 நூலிலேயே அவர் இதை ஒப்புக் கொள்கிறார்: இவ்வாறு செய்தோம், இந்த விளைவு வந்தது, பழம் வைக்கும் முறையை இவ்வாறு மாற்றினோம். புலம்பல் இல்லை, சாக்குப்போக்கும் இல்லை. இரண்டாம் ஆண்டில் தவறிய தாளைப் பற்றி இரண்டு பக்கம் எழுதும் மாணவர்கள் இந்தப் பகுதியை ஒருமுறை படிக்கலாம். இரண்டு வாக்கியம் போதும்.

என் மாணவனிடம் இதையெல்லாம் சொன்னபோது சற்று வாடிப் போனான். "அப்படியானால் காட்ட என்னிடம் ஒன்றுமில்லை, ஐயா" என்றான். வேறு எதுவும் எழுதி வைத்திருக்கிறாயா என்று கேட்டேன். தயங்கித் தயங்கி ஒரு நீள நோட்டை எடுத்தான். தன் ஊர் மலைக்கோயில் படிகளில் திரியும் நாட்டுக் குரங்குகளை எட்டு மாதம், ஞாயிறுதோறும் காலையில் பார்த்து எழுதியிருக்கிறான்! காது கிழிந்த ஓர் ஆண் எங்கே அமர்கிறது, எந்தத் தாயின் குட்டியை வேறு எவை தூக்குகின்றன, தேங்காய் உடைக்கும் நேரத்தில் யார் யாருக்கு வழி விடுகிறார்கள் என்றெல்லாம் குறிப்புகள். கடிதத்தில் அந்த நோட்டைப் பற்றி ஒரு வரி இல்லை. அது விஞ்ஞானம் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

நோட்டில் குறையும் இருந்தது. கண்ணில் பட்டதை மட்டும் எழுதியிருந்தான்; சண்டை போடும் குரங்கு எப்போதும் கண்ணில் படும், சும்மா இருக்கும் குரங்கு படாது. இந்தப் பிழையை எடுத்துக் காட்டி, ஒரு விலங்கைக் குறித்த நேரம் மட்டும் விடாமல் பின்தொடர்வது போன்ற முறைகளை வகுத்தவர் ஜீன் ஆல்ட்மன். 1974இல் வந்த அவருடைய கட்டுரை இத்துறையில் இன்றும் பாடம். கணிதப் பட்டதாரியான அவர் முனைவர் பட்டம் பெற்றது ஐந்தாண்டு கழித்து, 1979இல். அக்கட்டுரையின் முறைப்படி மேலும் மூன்று மாதம் பார்த்துவிட்டு வா என்று அனுப்பினேன். ஆராய்ச்சிக் கட்டுரையுடன் கூடிய முதுகலைப் படிப்புகளில், தன்னை மாணவனாக ஏற்க ஓர் ஆசிரியர் முன்வருகிறாரா என்பது முக்கியம். அத்தகைய ஆசிரியருக்கு முன்கூட்டியே எழுதும் கடிதத்தில் இந்த நோட்டுத்தான் பேச வேண்டும். மதிப்பெண் வரம்பு கண்டிப்பாக உள்ள இடங்களில் இதுவும் பயன்படாமல் போகலாம் என்பதையும் மறைக்காமல் சொன்னேன்.

புதிய கடிதத்தில் குடால் பெயர் இல்லை. விண்ணப்பங்கள் நான்கு இடங்களுக்குப் போயிருக்கின்றன; ஒரு மறுப்பு வந்துவிட்டது, மற்றவற்றின் பதில் இன்னும் வரவில்லை.

நூலைப் பற்றி ஒரு சொல் பாக்கி. ஹியூகோ வான் லாவிக்கின் புகைப்படங்களுக்காகவே இதை வாங்குவோர் உண்டு. மாணவர்கள் கடைசியிலுள்ள பிற்சேர்க்கைகளை முதலில் படிப்பது நல்லது. குட்டியின் வளர்ச்சிப் பருவங்கள், முகபாவங்கள், ஒலிகள், கருவிகள், உணவு என்று கண்டவற்றை அங்கே வரிசைப்படுத்தியிருக்கிறார். என் பிரதியை அந்தப் பக்கங்களுக்காக மாணவன் இரவல் வாங்கிச் சென்றான். இன்னும் அவனிடமே இருக்கிறது.