வள்ளி திருமணமும் நாட்டுப் பாடலும்

இயல் இசை நாடகம் என்னும் முத்தமிழுள் நாடகம் கற்றார்க்கும் கல்லாதார்க்கும் ஒருங்கே பயன்படுவது. மதுரை மாநகரத்தார்க்கும், வைகையின் வடகரைக்கண் உள்ள விளாங்குடி முதலாய சுற்றூரார்க்கும் கந்தவேள் கதையைக் கண்ணுக்கும் செவிக்கும் விருந்தாக்கிய நாடகங்களுள் ‘வள்ளி திருமணம்’ தலைமை வாய்ந்தது. அதனை யாத்த சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922), 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நிறுவிச் சிறுவர்க்குப் பாடமும் ஒழுக்கமும் பயிற்றினார். உலகப் பெரும்போர்கள் இரண்டற்கும் இடைப்பட்ட காலத்தே அத்தகைய மேடைகளில் புதியதொரு குரல் எழுந்தது. அது நாடகத்திற்கு அணியோ, அன்றிக் குற்றமோ என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

1919-இல் ஜாலியன்வாலாபாக்கில் படுகொலை நிகழ்ந்தது. 1921 செப்டம்பரில் காந்தியடிகள் மதுரையில் மேலாடை துறந்து அரையாடை பூண்டார். நாடெங்கும் எழுந்த கிளர்ச்சி நாடக மேடையிலும் புகுந்தது. மதுரகவி பாஸ்கரதாஸ் போல்வார் நாட்டுப் பாடல்கள் புனைந்தனர். சிவகாசியிற் பிறந்து திருமங்கலத்தில் வாழ்ந்த விசுவநாததாஸ், முருகன் வேடம் தாங்கி நின்றே அத்தகைய பாடல்களைப் பாடினார். தினைப்புனக் காட்சியில் கொக்கைச் சுட்டிய பாட்டு வெள்ளையர் ஆட்சியைக் குறித்ததென்பது அவையோர்க்கு விளங்கிற்று, காவலர்க்கும் விளங்கிற்று. அரசுக்கு மாறான நாடகங்களைத் தடுக்க 1876-இலேயே சட்டம் இயற்றப்பட்டிருந்தது. அவர் பன்முறை சிறை புகுந்தார், மீண்டு வந்து மேடையேறினார், பாடுதலை விட்டிலர்.

ஈண்டு ஒரு தடை எழும். முருகப்பெருமான் திருவிளையாடலைக் காட்டுமிடத்து உலகியல் அரசியலைப் புகுத்துதல் பாற்குடத்தில் உப்பிடுதல் போலாம். பத்திச் சுவை திரிந்துபோம் என்பது அது. இத்தடை எளிதில் தள்ளற்பாலதன்று.

இதற்கு விடை வருமாறு: கச்சியப்ப சிவாசாரியார் அருளிய கந்தபுராணத்தின்படி வள்ளிநாயகியார் திருமாலின் மகளார், வேடர் குடியில் வளர்ந்து பரண்மீதிருந்து புனங்காத்தவர். அவரைத் தேடி இறைவன் தானே வருகின்றான். சிவஞானபோதத்து எட்டாஞ் சூத்திரக் கருத்தும் இதனோடு ஒத்து நிற்றல் காண்க. ஐம்புலனாகிய வேடரிடை வளர்ந்து தன்னை மறந்த உயிர்க்கு, அதன் உண்மையினை இறைவனே குருவாய் வந்து உணர்த்துகின்றான். எனவே, பிறரிடை அகப்பட்டுத் தம்மை மறந்தார்க்கு நினைவூட்டுதல் என்பது அக்கதையின் இயல்பிலேயே உள்ளதாம். புள்ளோட்டும் காட்சியில் எழுந்த புள்ளின் பாட்டும் அக்களத்தினின்று தானே முளைத்ததன்றி ஒட்டவைத்ததன்று.

எனினும் இதற்கு எல்லை உண்டு. மயானத்தில் மகனை இழந்து சந்திரமதி புலம்புமிடத்து, கைதட்டல் விரும்பி ஒருவர் தலைவர் புகழ் பாடப் புகின், அஃது அவலச் சுவையைக் கொல்வதாம். அன்றியும், நாட்டு விடுதலை வேறு. பாச விடுதலை வேறு. 1947-இல் ஆட்சி மாறியது, ஆணவம் மாறிற்றில்லை. பாட்டுச் சுட்டிய பொருள் அன்றோடு முடிந்தது. கதை சுட்டும் பொருளோ முடிந்திலது. இவ்வேறுபாட்டை மறந்து உவமையையே பொருளாகக் கொள்வார் இரண்டனையும் இழப்பர்.

இன்னும் ஒன்று கூறற்பாலது. விசுவநாததாஸ் மருத்துவர் குலத்திற் பிறந்தவர் என்பதுபற்றி அவரோடு நடிக்க மறுத்த நடிகையரும் இருந்தனர். குறவர் குடியில் வளர்ந்த மகளை நாடிப் பெருமான் கிழவனாய் வந்த கதையை நடிக்குமிடத்தே நடிகனது குலம் வினாவப்பட்டது! புராணத்திற்கு இழுக்கு நாட்டுப் பாட்டால் வந்ததோ, இவ்வினாவால் வந்ததோ என்பதனை நடுநிலையாளர் ஓர்க. 1940 டிசம்பர் 31 அன்று சென்னை ராயல் தியேட்டரில் முருகனாய் மயில்மீதமர்ந்து பாடுங்காலையே அவர் உயிர் நீத்தார்.

விளாங்குடி 2011-இல் மதுரை மாநகராட்சியோடு இணைந்தது. மதுரை நாட்டுத் திருவிழாக்களில் வள்ளி திருமணம் இன்றும் நடிக்கப்படுகின்றது. புதுப்பாட்டு எதனையும் அதனுட் சேர்ப்பார், அது புனத்தில் முளைத்ததோ, புறத்தினின்று கொணர்ந்து நட்டதோ என வினவித் தெளிவாராக. கதையின் உயிர் அவ்வினாவிலேயே காக்கப்படும்.