அகத்திணையும் சாட்சியமும்: பல்கலைக்கழக உளவளத்துணையின் ஒழுக்கநெறி பற்றி

பல்கலைக்கழகங்களில் நடைபெறும் உளவளத்துணைப் பணிக்கு விதிகள் வேண்டும் என்பதை இன்று எவரும் மறுப்பதில்லை. அவ்விதிகள் எங்கிருந்து பிறக்கவேண்டும் என்பதே வினா. எமது கைக்கெட்டும் ஒழுக்கக்கோவைகளிற் பெரும்பாலானவை ஆங்கிலத்திலிருந்து பெயர்க்கப்பட்டவை. அவற்றின் வாக்கியங்கள் தமிழாயிருப்பினும், அவற்றிற் பேசப்படும் மனிதர் தமது பக்கத்து வீட்டுக்காரரை அறியாத மாநகரவாசிகள். வடமராட்சியின் வல்வெட்டித்துறையிலிருந்து திருநெல்வேலிக்கு வந்து பயிலும் ஒரு மாணவிக்கு இவ்விதிகள் எவ்வளவு தூரம் கவசமாகும்? இலக்கிய மாணவர்களாகிய நாம் இத்துறையில் தலையிடுவது அத்துமீறலாகத் தோன்றலாம். எனினும் ஒருவரின் துன்பத்தைக் கேட்பதும், அதைப் பிறருக்குச் சொல்வதும், சொல்லும்போது எதை மறைப்பது என்பதும் இலக்கியத்தின் மிகப் பழைய பிரச்சினைகள்.

சொல்லிலிருந்து தொடங்குவோம். ஈழத்தில் வழங்கும் உளவளத்துணை என்ற சொல்லோடு ஆற்றுப்படுத்தல் என்ற சொல்லும் பயன்பாட்டிலுண்டு. பின்னது கேட்பவருக்கு ஆறுதலை நினைவூட்டினும், அதன் வேர் வழியைக் குறிக்கும் ஆறு என்பதே. பத்துப்பாட்டின் ஆற்றுப்படைகளில் வழிகாட்டுபவன் யார்? தானும் அதே பசியோடு அதே வழியில் நடந்து பரிசில் பெற்று மீண்ட பாணனோ, பொருநனோ, கூத்தனோ ஆவான். எதிரே வருபவனுக்கு மேலே அவன் நிற்பதில்லை. அவன்மீது அவனுக்கு எவ்வித அதிகாரமும் இல்லை.

எமது பல்கலைக்கழகங்களில் நிலைமை வேறு. மாணவ ஆலோசகர் எனப்படுபவர் கற்பித்தற் பணிக்கு மேலதிகமாக நியமிக்கப்படும் விரிவுரையாளர். காலையில் விரிவுரை நிகழ்த்தி, மாலையில் விடைத்தாள் திருத்துபவரே, இடையில் மாணவரின் மனக்குறையைக் கேட்கவும் அமர்கின்றார். பகிடிவதைத் தடைச் சட்டம் 1998இல் வந்தபின் அவரது பணியில் ஒழுக்கக் கண்காணிப்பின் பங்கு மேலும் கனத்தது. கேட்பவரும் தண்டனைக்குப் பரிந்துரைப்பவரும் ஒருவரேயாகும் இடத்தில் மாணவர் எதைச் சொல்வார்? சொல்லக்கூடியதை மட்டுமே சொல்வார். நியமிக்கப்படுபவர்களிற் பலர் நல்லெண்ணம் படைத்தவர்கள் என்பதை நாம் அறிவோம். ஆயின் அமைப்பின் முரண்பாட்டைத் தனிமனித நல்லெண்ணம் தீர்ப்பதில்லை. பயிற்சிபெற்ற முழுநேர உளவளத்துணையாளரை நியமிப்பதற்குப் பணம் இல்லையென்று கூறும் நிர்வாகங்கள், விரிவுரையாளரின் ஓய்வு நேரத்தை மலிவான மூலப்பொருளாகப் பயன்படுத்துகின்றன என்பதே இதன் பொருளியல் உண்மை.

இரகசியம் பேணல் என்ற விதிக்கு வருவோம். உலகெங்கும் இவ்விதியைப் பற்றிப் பேசுவோர் தவறாது எடுத்துக்காட்டும் வழக்கு ஒரு பல்கலைக்கழகத்திலேயே தோன்றியது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்தில், கப்பற் கட்டடவியல் பயில வங்காளத்திலிருந்து சென்ற ஒரு மாணவர், தாம் ஒரு பெண்ணைக் கொல்லப்போவதாகப் பல்கலைக்கழக மருத்துவமனையின் உளவியலாளரிடம் கூறினார். உளவியலாளர் வளாகப் பொலிசாருக்கு அறிவித்தார். அவர்கள் விசாரித்து விட்டுவிட்டனர். பெண்ணுக்கோ அவர் குடும்பத்தாருக்கோ எவரும் சொல்லவில்லை. 1969 ஒக்டோபரில் அப்பெண் கொல்லப்பட்டார். அவருடைய பெற்றோர் தொடுத்த வழக்கில், ஆபத்துக்குள்ளாகும் மூன்றாம் ஆளைப் பாதுகாக்கும் கடமை உளமருத்துவருக்கு உண்டு என 1976இல் அம்மாநில உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அன்றுமுதல் இரகசியத்துக்கு ஓர் எல்லை உண்டு என்பது ஒழுக்கக்கோவைகளில் நிலைபெற்றது.

தீர்ப்பின் நியாயத்தை நாம் ஏற்கின்றோம். ஆனால் அதனை அப்படியே இங்கு இறக்குமதி செய்வோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். பேர்க்லியில் பொலிசாருக்கு அறிவிப்பது பாதுகாப்பின் ஒரு வடிவமாகக் கருதப்பட்டது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் அறிவித்தல் என்ற சொல்லுக்கு வேறொரு வரலாறுண்டு. 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டம், அறிந்தும் அறிவிக்காமையையே தண்டனைக்குரிய குற்றமாக்கியது. 1895இன் சான்றுக் கட்டளைச் சட்டம் சட்டத்தரணியிடம் கட்சிக்காரர் கூறுவதைக் காத்ததே தவிர, உளவளத்துணையாளருக்கு அத்தகைய காப்பை வழங்கவில்லை. முகத்தை மூடிக்கொண்டு நின்ற தலையாட்டியின் ஓர் அசைவில் இளைஞர் காணாமற்போன ஊர்களிலே, மேசைக்கு எதிரே அமர்ந்து குறிப்பெழுதும் எவரும் ஐயத்துக்குரியவரே. இந்த ஐயத்தை நோயின் அறிகுறியாகப் பதிவுசெய்வது அறியாமை. அது வரலாறு கற்பித்த அறிவு.

இரகசியத்தை உடைப்பதற்கான விதியைத் தமிழ் மரபு அறியாததல்ல. அகத்திணையில் அறத்தொடு நிற்றல் என்றொரு துறை உண்டு. தலைவியின் களவை அறிந்தவள் தோழி. அவள் அதனை வெளியிடுவது விருப்பம்போலன்று. பிறர் மணம்பேசி வரும்போதும், தலைவியின் மெலிவுக்குக் காரணம் முருகு எனக் கொண்டு வெறியாட்டு எடுக்கும்போதும், அதாவது தவறான தீர்வும் தவறான நோய்நாடலும் தலைவியின் உயிருக்கே கேடாகும்போது மட்டுமே. அதுவும் படிமுறையாக: தலைவி தோழிக்கும், தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தைக்கும் தமையனுக்கும். கபிலரின் குறிஞ்சிப்பாட்டு முழுவதும் தோழி செவிலிக்குக் கூறும் அத்தகைய ஒரு கூற்றே. எவருக்கு, எவ்வளவு, யாருடைய நன்மைக்காக என்ற மூன்று வினாக்களும் அங்கு கேட்கப்பட்டுள்ளன. அம்மரபு குலமும் கற்பும் பற்றிய நிலவுடைமைக் கருத்துகளுக்குக் கட்டுப்பட்டது என்பதை நாம் மறைக்கவில்லை. தலைவியை மணத்தில் சேர்ப்பதே அதன் முடிவு. ஆயினும், வெளியிடுவோரின் வசதிக்காகவன்றிச் சொன்னவரின் உயிருக்காகவே இரகசியம் திறக்கப்படலாம் என்ற அதன் ஒழுங்கு, எமது நிர்வாகங்கள் மாணவர் கோப்பைக் கேட்டுப்பெறும் முறையைவிட நாகரிகமானது.

இனி வல்வெட்டித்துறைக்கு வருவோம். 1989 ஆகஸ்ட் 2ஆம் திகதி அங்கு இந்தியப் படையினர்மீது நடத்தப்பட்ட தாக்குதலையடுத்து, அப்படையினர் ஊரின்மீது திரும்பினர். ஐம்பதுக்கும் மேற்பட்ட பொதுமக்கள் கொல்லப்பட்டனர்; நூற்றுக்கு மேற்பட்ட வீடுகள் எரிக்கப்பட்டன. ஊரின் பிரசைகள் குழு வாக்குமூலங்களைத் திரட்டியது. 1968இன் வியட்நாம் மைலாய்ப் படுகொலையோடு ஒப்பிடப்பட்டு அவை இந்தியாவிலும் பேசப்பட்டன. அவ்வாக்குமூலங்களின் வலிமை எதிலிருந்தது? பெயரில், வயதில், எந்த ஒழுங்கையில் எந்த வீட்டு வாசலில் என்ற துல்லியத்தில். பெயரற்ற சாட்சியத்தை ஆட்சியாளர் மறுப்பது எளிது. பெயர் கூறியவர்கள் அதற்கான விலையையும் அறிந்தே கூறினர்.

அகத்தில் சுட்டி ஒருவர் பெயர் கூறலாகாது, புறத்தில் கூறலாம். தொல்காப்பியத்தின் இப்பாகுபாட்டை மாணவர் மனனஞ் செய்கின்றனர். அதன் ஒழுக்க உள்ளடக்கத்தை நாம் சிந்திப்பதில்லை. வாக்குமூலம் புறத்தைச் சார்ந்தது. உளவளத்துணை அறை அகத்தைச் சார்ந்தது. ஒரே பெண் ஒரே இழப்பைப் பற்றி இரண்டு இடங்களிலும் பேசக்கூடும். பிரசைகள் குழுவிடம் தன் பெயரோடு கூறியதனால், அறையிற் கூறுவதும் பொதுச்சொத்தாகிவிடாது. அன்றிரவு தான் யாரைக் காப்பாற்றாமல் ஓடினாள் என்பதை அவள் அறைக்குள் மட்டுமே சொல்லக்கூடும்.

இவ்விடத்தில் எமது அணியின் தவறொன்றையும் குறிப்பிடவேண்டும். அறுபது எழுபதுகளின் முற்போக்கு விமர்சனம், தனிமனித அகவுலகத்தைப் பூர்ஷ்வா ஒதுங்கலாகவே பெரிதும் கண்டது. துயரம் சமூகக் காரணம் உடையதாதலின் அதனை வெளிப்படையாகப் பேசுவதே விடுதலை எனக் கருதிய நண்பர்கள், இரகசியம் பேணலைத் தனியுடைமையின் மறுவடிவம் என்று ஏளனஞ் செய்ததுண்டு. நாமும் ஒருகாலத்தில் அவ்வாறே எண்ணினோம். காரணம் சமூகத்துக்குரியது என்பதால் காயமும் சமூகத்துக்குரிய பண்டமாகாது என்பதை நாம் பிந்தியே கற்றோம்.

பிரான்ஸ் பனன் இதனை நன்கறிந்திருந்தார். அல்ஜீரியாவின் பிளிடா மருத்துவமனையில் 1953 முதல் 1956 வரை பணியாற்றிய அவர், சித்திரவதைக்குள்ளானவர்களுக்கும் சித்திரவதை செய்த பொலிசாருக்கும் சிகிச்சை அளித்தார். 1961இல் வெளிவந்த அவரது இறுதி நூலின் ஓர் இயல் அந்நோயாளர் பற்றிய குறிப்புகளால் ஆனது. குற்றஞ்சாட்டப்படுவது காலனித்துவ அமைப்பு, பெயர்களோ மறைக்கப்பட்டுள்ளன. எமது சூழலில் இதற்கு அண்மித்தது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பேராசிரியர் தயா சோமசுந்தரத்தின் பணி. 1993இல் வெளிவந்த ‘மனவடு’ முதலாகப் போரின் வடுவைத் தனியாளின் நோயாக மட்டும் காணாது, குடும்பமும் சமுதாயமும் அடைந்த சிதைவாகவும் காண்பதற்கு அவர் வழியமைத்தார். 2009இன் பின் வன்னியில் உளசமூகப் பணிகளை அரச செயலணி தடைசெய்ய முனைந்தமை, கேட்கப்படும் துயரம் ஆட்சியாளருக்கு எத்துணை அச்சமூட்டுவது என்பதைக் காட்டியது.

ஆயின் சமுதாய நோக்கு வலுப்பெறும்போது புதிய சிக்கலும் எழுகின்றது. அண்மையில் ஒரு கருத்தரங்கில் உளவளத்துணை அனுபவம் பற்றிய ஒரு கட்டுரை வாசிக்கப்பட்டது. மாணவியின் பெயர் மாற்றப்பட்டிருந்தது. ஊர் ‘வடமராட்சிக் கடலோரக் கிராமம்’ எனப்பட்டது. ஆண்டுதோறும் ஆகஸ்டில் உணவை ஒறுக்கும் பேத்தியார், எரிந்த வீட்டின் எஞ்சிய சுவர், கப்பலில் வேலைசெய்யும் தகப்பன் எனக் கட்டுரை விரிந்தது. வாசித்து முடிவதற்குள் எமக்குப் பின்வரிசையில் இருந்த ஒருவர் அக்குடும்பத்தின் பெயரை மெல்லிய குரலில் உச்சரித்தார். அவரைக் குறைகூற இயலாது. கடலோடிகளின் ஊர் அது. தாம் கட்டிய ‘அன்னபூரணி’யை 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம் வரை செலுத்திச் சென்றோரின் வழியினர், யார் எந்தக் கப்பலில் எங்கு நிற்கின்றார் என்பதை அறிந்தே வாழ்பவர்கள். கொண்டும் கொடுத்தும் பின்னிய உறவுகளுக்கிடையில் மூன்று விவரங்கள் போதும்.

பெயரை நீக்கினால் ஆள் மறைந்துவிடுவார் என்ற நம்பிக்கை எவ்வளவு பேதைமை என்பதற்கு நெடுநல்வாடையே சான்று. நக்கீரர் அப்பாட்டில் எவர் பெயரையும் கூறவில்லை. பிரிவுத்துயரால் வாடும் தலைவியும் பாசறையிலுள்ள தலைவனும் அகப்பொருளுக்கே உரியவர்கள். ஆனால் வேலிற் சூட்டிய வேம்பு பாண்டியனின் அடையாளமாதலின், அப்பாட்டு அகமாகாது, புறமே என்று நச்சினார்க்கினியர் தீர்ப்பளித்தார். அதன் பொருத்தம் பற்றிய விவாதம் இன்னும் முடியவில்லை. நமக்கு வேண்டியது ஒன்றே: ஓர் இலையே பெயராகிவிடும் என்பதை அந்த உரையாசிரியர் அறிந்திருந்தார். எமது ஆய்வு ஒழுக்கக் குழுக்கள் பெயரும் முகவரியும் நீக்கப்பட்டனவா என்று மட்டுமே கேட்கின்றன. வேம்பு எது என்று கேட்பதில்லை. அதனை ஊரறிந்தவரே சொல்லமுடியும். சொல்லவேண்டியவர் முதலில் அந்த மாணவியே. அவரைப் பற்றிய பகுதியை அவருக்கு வாசித்துக்காட்டி, எந்த விவரம் நிற்கலாம், எது போகவேண்டும் என்று கேட்பதற்கு அரைமணி நேரம் போதும். அதற்குக் கட்டுரை தமிழில் இருக்கவேண்டும், அல்லது தமிழிற் சொல்லப்படவேண்டும். எமது ஆய்வாளர் ஆங்கிலத்தில் எழுதுவதனாலேயே இவ்வாசகரை எளிதில் மறந்துவிடுகின்றனர்.

ஒரு மாணவருக்குக் கற்பிப்பவர் அவருக்கு உளவளத்துணையாளராக அமையலாகாது. குறிப்பேடு பதிவாளர் அலுவலகத்தின் அலுமாரிக்குச் செல்லலாகாது. ஒழுக்க விசாரணையில் அதனைக் கோருவதற்கு எவருக்கும் உரிமை இருக்கலாகாது. இவற்றை வற்புறுத்துவதில் ஆசிரியர் சங்கங்களும் மாணவர் ஒன்றியங்களும் ஒன்றிணைய முடியும். விரிவுரையாளரின் கூலியற்ற உழைப்பும் மாணவரின் மௌனமும் ஒரே ஏற்பாட்டின் இரு விளைவுகள் அல்லவா?

மேற்குறிப்பிட்ட கட்டுரை பற்றிய எமது ஆட்சேபத்தைக் கருத்தரங்கின் முடிவில் அதன் ஆசிரியரிடம் தெரிவித்தோம். அவர் பொறுமையோடு கேட்டுக் குறித்துக்கொண்டார். பின்னர் கட்டுரை அச்சேறியபோது மாதம் நீக்கப்பட்டிருந்தது. தகப்பனின் தொழிலும் மாற்றப்பட்டிருந்தது. எரிந்த சுவர் மட்டும் அப்படியே நின்றது.