மூட்டும் அச்சும்

காரைக்குடிப் பக்கம் கதவு, நிலை செதுக்குகிற பட்டறைகளில் இப்போது உளிக்குப் பக்கத்திலேயே சி.என்.சி. ரூட்டரும் நிற்கிறது. எட்டடிக்கு நாலடி மேஜை, குறுக்கே ஒரு பாலம், பாலத்தில் சுழலும் வெட்டுமுனை. ஒரு பக்கம் மட்டும் இழுத்தால் பாலம் கோணிக்கொள்ளும் என்பதால் இரண்டு பக்கமும் ஆளுக்கொரு மோட்டார். திறமூல மென்பொருளான லினக்ஸ் சி.என்.சி.க்குள் நடந்த நீண்ட சண்டை ஒன்றைப் புரிந்துகொள்ள இந்தப் பாலம் போதும்.

அமெரிக்க அரசின் தர ஆய்வு நிறுவனமான நிஸ்ட் 1990களில் எழுதிய நிரல்தான் இதன் மூலம். அரசு வேலையாக எழுதப்பட்டதால் பதிப்புரிமை இல்லை. ஆர்வலர்கள் எடுத்து வளர்த்தார்கள். அப்போதைய பெயர் ஈ.எம்.சி. அதே எழுத்துகளில் பெரிய கம்பெனி ஒன்று இருந்ததால் 2011இல் இப்போதைய பெயருக்கு மாறியது. பழைய கம்ப்யூட்டரின் பிரிண்டர் போர்ட் வழியே, சில பத்து மைக்ரோ விநாடிக்கு ஒரு துடிப்பு என்று அனுப்பி மோட்டாரை ஓட்டிவிடும். துடிப்பு பிந்தினால் மோட்டார் அடி தவறும், மரம் போச்சு. இப்படி ஒரு நிரலைக் கட்டிக் காப்பவர்கள் எதையும் தொடத் தயங்குவார்கள். அது எனக்குப் புரிகிறது.

சண்டை எங்கே என்றால், மோட்டார் அசைக்கும் உறுப்பு ‘மூட்டு’. வெட்டுமுனை போகும் திசை ‘அச்சு’. ரோபோ கைக்கு இரண்டும் வேறு என்பது எழுதியவர்களுக்குத் தெரியும், அதற்கான கணக்கும் உள்ளே இருந்தது. ஆனாலும் வேக வரம்பு, எல்லை எல்லாம் எழுதுகிற இடத்தில் மூட்டும் அச்சும் ஒன்றாகவே கிடந்தன. ஒய் அச்சுக்கு இரண்டு மோட்டார் வைத்தவர், இரண்டாவதை மெஷினில் இல்லவே இல்லாத இன்னொரு அச்சாகக் கணக்குக் காட்ட வேண்டும். தன் மெஷினைப் பற்றித் தானே பொய் சொல்ல வேண்டிய நிலை. ஆன் செய்ததும் இரண்டு பக்கத்தையும் சேர்த்துத் தொடக்க இடத்துக்குக் கொண்டுவர ஆளாளுக்கு ஒரு குறுக்குவழி. ஒரு பக்கம் ரெண்டு மில்லிமீட்டர் பிந்தினாலும் போதும், சதுரக் கட்டம் சாய்ந்த கட்டமாக வரும்.

மூட்டையும் அச்சையும் பிரிக்கும் வேலை பல வருடம் தனிக் கிளையாகவே இருந்து, 2020இல் 2.8 பதிப்போடுதான் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. பிரித்தால் ஓடிக்கொண்டிருக்கும் மெஷின்களின் அமைப்புக் கோப்பு எல்லாம் மாற வேண்டும். அதற்காகப் பழைய கோப்பைப் புதிய வடிவுக்கு மாற்றித்தரும் சிறு நிரல் ஒன்றையும் கூடவே கொடுத்தார்கள். இன்று எக்ஸ் ஒய் ஒய் இசட் என்று எழுதி, தொடக்க வரிசை எண்ணுக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி போட்டால், இரண்டு மோட்டாரும் சேர்ந்தே போய் நிற்கும். நல்ல வேலை. அந்த மாற்று நிரலைச் சில வருடம் முன்னாலேயே எழுதியிருந்தால் என்ன?

நடுவில் இன்னொரு கோஷ்டி 2010களின் மத்தியில் பிரிந்து போய் மெஷின்கிட் என்று தொடங்கியது. பீகிள்போன் போன்ற சின்ன போர்டில் ஓட வேண்டும், திரையும் மெஷினும் நெட்வொர்க் வழியே செய்தி அனுப்பிப் பேச வேண்டும் என்றார்கள். வடிவமைப்பாகப் பார்த்தால் அவர்கள் பக்கமே எனக்குச் சாய்வு. ஆனால் பட்டறைக்காரருக்கு நெட்வொர்க்கா பிரச்சினை? பாலம் நேராக நிற்க வேண்டும், அவ்வளவுதான். மெஷின்கிட் பின்னாளில் இரண்டு தொகுப்பாகப் பிரிந்து வேகம் குறைந்தது. லினக்ஸ் சி.என்.சி. டெபியன் 12இன் களஞ்சியத்துக்குள்ளேயே போய்விட்டது.

ஆக, மாற்றத்துக்கு அவசரப்படாதவர்கள் ஜெயித்தார்கள் என்று சொல்லிவிடலாம். எனக்கு அந்தக் கணக்கில்தான் சந்தேகம். அவர்கள் எண்ணியது ஓடிக்கொண்டிருக்கும் மெஷின்களை. வராமலே போன மெஷின்களை யார் எண்ணினார்கள்? நான் பார்த்த பட்டறைகளில் சீனாவிலிருந்து வரும் கையடக்கப் பெட்டிதான் தொங்குகிறது. பென் டிரைவைச் செருகினால் வெட்ட ஆரம்பித்துவிடும். உள்ளே என்ன நிரல் என்று யாருக்கும் தெரியாது, மாற்றவும் முடியாது. ஆனால் அது இரண்டு மோட்டாரை இரண்டு மோட்டார் என்றே ஏற்றுக்கொள்கிறது. திறந்த நிரலுக்கு நம்மூரில் ஆள் சேராததற்கு விலையைக் காரணமாகச் சொல்ல முடியாது, அது இலவசம்.

எதிர்த்தரப்புக்கு நல்ல உதாரணம் 3டி பிரிண்டர்காரர்களின் கிளிப்பர். கணக்கைக் கம்ப்யூட்டர் போட, போர்டு துடிப்பை மட்டும் அனுப்பும். அமைப்புக் கோப்பில் என்ன மாறியது என்று தேதிவாரியாக எழுதிவைத்துவிட்டு, கூச்சமில்லாமல் மாற்றுவார்கள். பயனர்களும் முணுமுணுத்துக்கொண்டே திருத்திக்கொள்கிறார்கள். அங்கே வீணாவது கொஞ்சம் பிளாஸ்டிக் இழை. பர்மா தேக்குப் பலகையில் அந்தத் துணிச்சல் வராது என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வெற்றுப் பலகையில், வெட்டுமுனையை மேலே தூக்கிவைத்து ஒரு சுற்று ஓட்டிப் பார்க்காமல் எந்தப் பட்டறைக்காரரும் தேக்கை ஏற்றுவதில்லையே.