ஒட்டவைத்த கையும் விட்டுப்போன செய்தியும்

‘துண்டான கையை ஒட்டவைத்து டாக்டர்கள் சாதனை.’ இந்த மாதிரித் தலைப்பில் ஒரு செய்தியாவது உங்க கண்ணில் பட்டிருக்கும். பேப்பரில் வரும், டிவியில் ஓடும், அப்புறம் ரெண்டு நாள் வாட்ஸ்அப் குரூப்புகளில் சுத்தும். ஊரும் ஆளும் மாறினாலும் வடிவம் மாறாது. ஒரு தொழிலாளி, ஒரு மெஷின், ஒரு நொடி கவனக்குறைவு. வெட்டுப்பட்ட பாகம் ‘ஐஸ் பெட்டியில்’ வந்து சேரும். டாக்டர்கள் குழு பல மணி நேரம் ‘போராடும்’. கடைசியில் கட்டுப் போட்ட கையோடு நோயாளி, சுற்றிலும் டாக்டர்கள், ஒரு குரூப் போட்டோ.

அந்த ஆபரேஷன் உண்மையிலேயே பெரிய காரியம். அதில் சந்தேகமே வேண்டாம். என் புகார் அந்தச் செய்தி எழுதப்படும் விதத்தைப் பற்றியது. படித்து முடித்தவுடன் நமக்கு என்ன தெரிந்திருக்கிறது? நாளைக்கு நம்ம தெருவில் ஒருத்தருக்கு விரல் துண்டானால் அந்தச் செய்தி எதற்காவது உதவுமா? இந்தக் கேள்வியோடு கொஞ்ச நாளாக இந்தச் செய்திகளைப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஒப்பிட்டுப் பார்க்க 230 வருஷத்துக்கு முந்தைய ஒரு பத்திரிகைக் கடிதம் இருக்கிறது. முதலில் அதைப் பார்த்துவிடலாம்.

1794-இல் வந்த ஒரு கடிதம்

லண்டனிலிருந்து வந்த ‘ஜென்டில்மேன்ஸ் மேகசின்’ என்ற பத்திரிகையில் 1794 அக்டோபரில் ஒரு கடிதம் வெளியானது. கீழே ‘பி.எல்.’ என்று இரண்டு எழுத்து மட்டும் கையொப்பம். விஷயம் இதுதான்: 1792 மைசூர்ப் போரில் ஆங்கிலேயப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்ற மராத்தியர், திப்புவின் ஆட்களிடம் சிக்கி மூக்கையும் ஒரு கையையும் இழந்தார். ஒரு வருஷத்துக்கு மேல் மூக்கில்லாமல் இருந்தவருக்குப் பூனா பக்கத்தில் செங்கல் செய்யும் சாதியைச் சேர்ந்த ஒருவர் புது மூக்கு வைத்தார்.

இந்தக் கதையை நம்ம ஊரில் பலரும் பலவிதமாக எழுதியாச்சு. ஆனால் அந்தக் கடிதம் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. எனக்கு அதுதான் ஆச்சரியம். மெழுகுத் தகட்டில் மூக்கின் வடிவம் செய்வது, அதைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்துச் சுற்றிலும் கோடு போடுவது, அந்த அளவுக்குத் தோலை உரிப்பது, ஆனால் இரண்டு கண்ணுக்கும் நடுவில் ஒரு சின்னத் துண்டை மட்டும் வெட்டாமல் விடுவது, தோலை அரைச்சுற்று திருப்பிக் கீழே இறக்கிப் பொருத்துவது என்று வரிசையாகப் போகிறது. அந்தச் சின்னத் துண்டை ஏன் விடுகிறார்கள் என்பதும் இருக்கிறது: புது இடத்தில் ஒட்டிப் பிடிக்கும்வரை ரத்தம் அந்த வழியாகத்தான் வரும். காசுக்கட்டியைத் தண்ணீரில் குழைத்துத் துணியில் தடவி ஒட்டுவது, நாலு நாள் கழித்து அதை எடுத்துவிட்டு நெய்யில் நனைத்த துணி, ஐந்தாறு நாள் மல்லாந்து படுக்கை, பத்தாம் நாள் மூக்குத் துவாரத்தில் மெல்லிய துணி, சுமார் 25-ஆம் நாள் இணைப்புத் துண்டை அறுத்துவிடுவது என எல்லாம் கணக்காக இருக்கிறது.

லண்டனில் ஜோசப் கார்ப்யூ என்ற சர்ஜன் இந்த முறையைக் கவனித்தார். பிணங்களில் பழகிப் பார்த்தார். 1814-இல் தன் முதல் நோயாளிக்கு மூக்கு வைத்தார். 1816-இல் இரண்டு ஆபரேஷன்களையும் புத்தகமாகப் போட்டார். ஐரோப்பாவில் இந்த வைத்தியம் மறுபடி உயிர்பெற்றது அதன் பிறகுதான். மயக்க மருந்து வருவதற்கு 30 வருஷத்துக்கு மேல் முந்திய காலம் அது. ஒரு வாசகர் கடிதம் தூர தேசத்தில் ஒருவரைக் கத்தியெடுக்க வைத்தது என்றால், அதில் வேண்டிய தகவல் இருந்ததுதான் காரணம்.

அந்தக் கடிதத்திலும் ஓட்டை இல்லாமலில்லை. ஆபரேஷனைப் பார்த்த குரூசோ, ஃபிண்ட்லே என்ற இரண்டு ஆங்கில வைத்தியர்களின் பெயர் அதில் இருக்கிறது. ஆபரேஷனைச் செய்தவரின் பெயர் இல்லை. வேடிக்கை பார்த்தவர் வரலாற்றில் இடம்பிடித்தார், வேலை செய்தவர் வெறும் சாதிப்பெயராக நின்றுபோனார்.

நம்மவர்கள் இதில் இன்னொரு குழப்படி செய்கிறார்கள். ‘சுஷ்ருதர் அன்றே செய்தார்’ என்று தொடங்கி நேராகக் கவாஸ்ஜிக்குத் தாவிவிடுவார்கள். சுஷ்ருத சம்ஹிதை சொல்வது கன்னத்துத் தோலை எடுப்பது. இலையை வைத்து அளவெடுக்கச் சொல்கிறது. பூனாக்காரர் எடுத்தது நெற்றித் தோல், அளவெடுத்தது மெழுகில். நடுவில் எத்தனையோ நூற்றாண்டுகள், யார் யாரோ கைகள். கன்னம் நெற்றியாக மாறியதற்குப் பின்னால் எத்தனை பேரின் அனுபவம் இருக்கும்! இரண்டையும் ஒன்றாக்கிப் பெருமைப்படும்போது அந்த அனுபவத்தை நாம் அழித்துவிடுகிறோம்.

மைக்ராஸ்கோப் என்ன மாற்றியது

கவாஸ்ஜியின் மூக்குக்கு ஆதாரம் அந்தச் சின்ன இணைப்புத் துண்டு. ரத்த வழியை முழுசாக அறுத்துவிட்டால் அந்தக் கனத்தில் தோல் பிழைக்காது. அதனால் பக்கத்தில் இருப்பதைத்தான் திருப்பி வைக்க முடியும். இந்தக் கட்டுப்பாடு உடைய வேண்டுமென்றால் அறுந்த ரத்தக்குழாயை மறுபடி தைக்கத் தெரிய வேண்டும்.

அலெக்சிஸ் காரெல் 1902-இல் குழாய்களைத் தைக்கும் முறையை வெளியிட்டார். அதற்கும் சேர்த்து 1912-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் விரலில் ஓடும் குழாய் சுமார் 1 மில்லிமீட்டர்தான். வெறும் கண்ணால் அதைத் தைக்க முடியாது. 1960-இல் அமெரிக்காவில் ஜேக்கப்சன், சுவாரெஸ் இருவரும் மைக்ராஸ்கோப்பை வைத்து அந்த அளவுக் குழாய்களைத் தைத்துக் காட்டினார்கள். 1962-இல் பாஸ்டனில் ரயிலில் அடிபட்ட 12 வயதுப் பையனின் கை தோள் பக்கத்திலிருந்து திரும்பப் பொருத்தப்பட்டது. 1963-இல் ஷாங்காயில் சென் ஜோங்வெய் ஒரு தொழிலாளியின் கையைப் பொருத்தினார். 1965-இல் ஜப்பானின் நாராவில் கொமாட்சுவும் தமாயும் முழுசாகத் துண்டான கட்டைவிரலை மைக்ராஸ்கோப்பில் தைத்துச் சேர்த்தார்கள். 1973-இல் மெல்போர்னில் டேனியலும் டெய்லரும் இடுப்புப் பக்கத்துத் தோலைக் குழாயோடு வெட்டி எடுத்துக் கணுக்காலில் வைத்தார்கள். இணைப்புத் துண்டு தேவைப்படாத காலம் வந்தாச்சு.

இதற்குப் பயன்படும் 10-0 என்ற நூல் நம்ம தலைமுடியில் பாதித் தடிமன்கூட இல்லாதது. முதலில் எலும்பைக் கொஞ்சம் குறைத்துக் கம்பி போட்டு நிறுத்துவார்கள். அப்புறம் தசைநாண்கள், தமனி, நரம்பு, சிரை. தமனி ரத்தத்தை உள்ளே கொண்டுவரும், சிரை வெளியே கொண்டுபோகும். பல விரல்கள் வீணாவது இந்த வெளியேறும் வழி அடைத்து, ரத்தம் தேங்கி நீலம் பாரிப்பதால்தான். அந்த மாதிரி நேரத்தில் அட்டைப்பூச்சியை விட்டு ரத்தத்தை உறிஞ்ச வைப்பதும் உண்டு. அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2004-இல் மருத்துவ அட்டைகளுக்கு முறையாக அனுமதியே கொடுத்தது. இந்த மாதிரி ருசியான விவரம் எதுவும் நம்ம செய்திகளில் வராது. ‘நவீன கருவிகள் மூலம்’ என்று ஒரே வார்த்தையில் தாண்டிவிடுவார்கள்.

‘ஐஸ் பெட்டி’ என்ற ஆபத்தான வார்த்தை

ருசி போனால் போகட்டும். ‘துண்டான விரலை ஐஸில் வைத்து எடுத்து வந்தனர்’ என்ற வரிதான் என்னைத் தூங்கவிடாத வரி. படிக்கிறவர் என்ன நினைப்பார்? ஐஸ் கட்டிமேல் விரலை வைக்க வேண்டும் என்று. அப்படி வைத்தால் திசு உறைந்து செத்துவிடும். எந்த சர்ஜனாலும் அப்புறம் ஒன்றும் செய்ய முடியாது.

செய்ய வேண்டியது இதுதான். துண்டான பாகத்தில் மண், தூசி இருந்தால் சுத்தமான தண்ணீரில் லேசாகக் கழுவணும், தேய்க்கக் கூடாது. சலைன் அல்லது சுத்தமான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியில் சுற்றணும். அதைப் பிளாஸ்டிக் பையில் போட்டு வாயை இறுகக் கட்டணும். அந்தப் பையைத்தான் ஐஸும் தண்ணீரும் கலந்த டப்பாவில் வைக்கணும். ஐஸ் விரலைத் தொடக் கூடாது. தண்ணீரிலோ பாலிலோ ஊறப்போடக் கூடாது. காயத்தில் மஞ்சள்தூள், காபித்தூள் எதுவும் வேண்டாம். சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்துக் கையை உயர்த்தி வைத்தால் பெரும்பாலும் ரத்தம் நிற்கும். ஒரு நூல் தோலில் தொங்கிக்கொண்டிருந்தாலும் அதை வெட்டிவிடக் கூடாது. மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கும் என்பதால் சாப்பிடவோ குடிக்கவோ கொடுக்காதீங்க. நசுங்கிய துண்டாக இருந்தாலும் எடுத்துப் போங்க, அதிலிருந்து தோலோ நரம்போ பயன்படலாம். 108-க்குச் சொல்லும்போதே இந்த ஆபரேஷன் எந்த ஆஸ்பத்திரியில் நடக்கும் என்றும் கேட்டுக்கணும். வழியில் ரெண்டு ஆஸ்பத்திரி ஏறி இறங்குவதில்தான் நேரம் போகும்.

நேரக் கணக்கும் சேர்த்துச் சொல்லணும். விரலில் தசை கிடையாது, நாண்தான். அதனால் சாதாரண வெப்பத்தில் சுமார் 12 மணி நேரம், முறையாகக் குளிர வைத்தால் 24 மணி நேரம் வரைகூடத் தாங்கும். மணிக்கட்டுக்கு மேலே முழுக் கையென்றால் தசை அதிகம். அது 6 மணி நேரத்துக்குள் ரத்த ஓட்டத்துக்காக ஏங்க ஆரம்பித்துவிடும். 1794-இல் காசுக்கட்டியை எத்தனை நாள் வைப்பது என்று எழுத இடமிருந்தது. இன்றைக்குப் பிளாஸ்டிக் பையைப் பற்றி ஒரு வரி எழுத இடமில்லையா?

போட்டோவுக்குப் பிறகு

அந்த குரூப் போட்டோ எப்போது எடுக்கப்படுகிறது என்று யோசித்தீங்களா? பெரும்பாலும் முதல் ரெண்டு வாரத்துக்குள். அப்போது நமக்குத் தெரிந்திருப்பது ஒன்றே ஒன்றுதான்: பொருத்திய பாகம் உயிரோடு இருக்கிறது. அது வேலை செய்யுமா என்பது வேறு கேள்வி.

கொஞ்சம் கணக்குப் போடுவோம். அறுந்த நரம்பைத் தைத்தால் அது நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் வளரும். மணிக்கட்டிலிருந்து விரல் நுனி 18 சென்டிமீட்டர் என்றால் 180 நாள், ஆறு மாசம். மேல்கையில் அறுந்திருந்தால் உள்ளங்கைத் தசைகளுக்கே 50 சென்டிமீட்டர். கிட்டத்தட்ட ஒன்றரை வருஷம். நரம்பில்லாத தசை 12 முதல் 18 மாசத்துக்குள் மீட்க முடியாதபடி வீணாகிவிடும். நரம்பு போய்ச் சேரும்போது வரவேற்கத் தசை இருக்காது. பாஸ்டன் பையனுக்குக்கூட நரம்புகளைத் தைக்கச் சில மாசம் கழித்துத் தனி ஆபரேஷன் நடந்தது. சின்ன வயசு அவனுக்குச் சாதகம்.

இதோடு நாண்கள் ஒட்டிக்கொண்டு விரல் மடங்காமல் போவது, குளிர்பட்டால் வலிப்பது, மாசக்கணக்கில் பிசியோதெரபி, திரும்ப ஒன்றிரண்டு ஆபரேஷன். எங்க துறையில் ஒரு பழக்கம் உண்டு. சாஃப்ட்வேரை லைவில் விட்ட அன்றே கேக் வெட்டிவிடுவார்கள். அது நிஜமாக ஓடுகிறதா என்பது அடுத்த மாசம்தான் தெரியும். இந்தச் செய்திகள் எல்லாமே கேக் வெட்டும் போட்டோக்கள். ஒரு வருஷம் கழித்து அதே ஆளைத் தேடிப்போய் ‘சட்டை பட்டன் போட முடியுதாண்ணே? மறுபடி வேலைக்குப் போறீங்களா?’ என்று கேட்டு எழுதிய செய்தி என் கண்ணில் பட்டதே இல்லை.

வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயால் மடங்கிப்போன விரல்களுக்கு நாண் மாற்றி வைத்த பால் பிராண்டுக்கு இது தெரிந்திருந்தது. கையை நிமிர்த்தினால் மட்டும் போதாது, அந்தக் கைக்கு ஒரு பிழைப்பும் வேண்டும் என்று ஆபரேஷன் ஆனவர்களுக்கு மரவேலை கற்றுத்தர அவர் ஏற்பாடு செய்தார். அதையும் சிகிச்சையின் பகுதியாகத்தான் அவர் பார்த்தார்.

ஒட்டாமல் விடுவதும் வைத்தியம்தான்

இந்தச் செய்திகள் செய்யும் இன்னொரு கெடுதல், ஒட்டவைக்காத டாக்டரைத் தோற்றவராகக் காட்டுவது. கட்டைவிரல், ஒன்றுக்கு மேற்பட்ட விரல்கள், மணிக்கட்டு, குழந்தைகள் என்றால் எப்படியாவது பொருத்தப் பார்ப்பார்கள். ஆனால் பெரியவர் ஒருவரின் ஆள்காட்டி விரல் மட்டும் அடிப்பகுதியில் துண்டானால் பல நேரம் ‘வேண்டாம்’ என்பதே நல்ல ஆலோசனை. மடங்காத ஒரு விரல் மற்ற மூன்றின் வேலையையும் கெடுக்கும். தினக்கூலிக்காரர் மாசக்கணக்கில் வேலையை விட வேண்டிவரும். இதைக் கேட்டவுடன் குடும்பம் ‘பேப்பர்ல கையையே ஒட்டினதா போட்டிருந்துச்சே, இவங்களுக்கு விரலை ஒட்டத் தெரியலையா?’ என்று சண்டைக்கு நிற்கும். அந்தச் சண்டைக்கு விதை போட்டது செய்திதான்.

கால் விஷயத்தில் இந்த முடிவை எண்ணாலேயே எடை போடும் முறை நம்ம கோயம்புத்தூரிலிருந்து வந்திருக்கிறது. கங்கா மருத்துவமனையில் உருவாக்கி 2006-இல் வெளியிட்ட மதிப்பெண் முறை அது. எலும்பு உடைந்து வெளியே தெரியும் மோசமான முழங்கால் கீழ்க் காயங்களில் தோல், எலும்பு, தசை-நாண் சேதத்துக்கும், நோயாளியின் மற்ற உடல்நிலைக்கும் மதிப்பெண். 14 அல்லது அதற்குக் கீழ் என்றால் காலைக் காப்பாற்றப் பார்க்கலாம். 17-உம் மேலும் என்றால் எடுத்துவிடுவது நல்லது. 15, 16 வந்தால் டாக்டரின் அனுபவம்தான் பேசணும். ‘எப்போது முயற்சி செய்யக் கூடாது’ என்பதையும் சேர்த்து எழுதிவைத்த இந்த வேலை, எனக்கு எந்த ‘சாதனை’க்கும் குறைந்ததாகத் தெரியவில்லை. ஆனால் இதற்கு குரூப் போட்டோ கிடையாது.

அடுத்த தடவை இந்த மாதிரிச் செய்தி ஒன்று வந்தால் நாலு கேள்வி கேட்டுப் பாருங்க. பாகத்தை எப்படிப் பாதுகாத்தார்கள்? எத்தனை மணி நேரத்தில் வந்தார்கள்? செலவு எவ்வளவு, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் வந்ததா? இன்னும் எத்தனை மாசம் ஆகும், அதற்குப் பிறகும் எது திரும்பாது? நாலுக்கும் பதில் இல்லையென்றால் அதைப் பாராட்டு மடலாக எடுத்துக்கலாம், தப்பில்லை. குரூப்பில் ஃபார்வர்ட் பண்ணும்போது மட்டும் கீழே ஒரு வரி சேர்த்துவிடுங்க: ‘ஈரத்துணி, பிளாஸ்டிக் பை, அதுக்கு வெளியேதான் ஐஸ்.’